பகரத்தின் காற்று



இந்த வாரம் ஒரு சிறிய காரியத்தைப் பற்றி எழுதுகிறேன். வீட்டில் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து குரலைப் பதிவு செய்யும்போது இடையிடையே "பட், பட்" என்று வெடிக்கும் ஓசைதான் அது. நம் சபையில் இப்போது பலர் இவ்விதம் பதிவு செய்கிறீர்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறீர்கள். வெளியூரில் இருக்கும் தாய்தந்தையருக்கு வேதபாடம் வாசித்து அனுப்புகிறவர்களும் இருக்கிறீர்கள். "ஐயா, என் பதிவில் ஏதோ இடிக்கிறதே" என்று என்னிடம் கேட்டவர்கள் நான்கைந்து பேர். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணத்தைச் சொல்ல எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. இந்த ஓசையால் நான் ஒருவருக்கு மூன்று வாரம் பாரமாக இருந்தேன். இருந்ததை அறியாமலே, நல்ல ஊழியம் செய்வதாக மகிழ்ந்துகொண்டும் இருந்தேன்.

நம் சபையின் மூத்த சகோதரி ஒருவரை உங்களில் பலர் அறிவீர்கள். பெயர் சொல்ல அவர் விரும்பமாட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியையாக இருந்தவர். நாம் எல்லோரும் டீச்சரம்மா என்றே அழைக்கிறோம். கண் அழுத்த நோய் அவர் பார்வையைச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டது. அந்த நோயில் இழந்த பார்வை திரும்புவதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சங்கீதம் வாசிப்பது அவருடைய ஐம்பது வருடப் பழக்கம். எழுத்து தெரியாமல் போனபின் அந்த நேரம் அவருக்கு வெறுமையாயிற்று.

ஆகவே தபசு நாட்களின் தொடக்கத்தில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். சங்கீதங்கள் நூற்றைம்பது, நாளுக்கு ஒன்றாக நானே வாசித்துப் பதிவு செய்து, இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது. என் மகன் வாங்கித்தந்த ஒலிவாங்கி ஒன்று வீட்டில் இருந்தது. கணினியில் நேராகச் செருகும் வகை. இரவு பத்து மணிக்குத் தெரு அடங்கியபின் வாசிப்பேன். வாசித்ததைக் கைபேசியில் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்பேன், நன்றாகவே இருக்கும். அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுப்பேன்.

நாற்பதாவது சங்கீதத்தை அனுப்பியதற்கு மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்தபின் டீச்சரம்மாவின் மகள் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "ஐயா, அம்மா சொல்லவேண்டாம் என்றார்கள். பத்தொன்பதோடு கேட்பதை நிறுத்திவிட்டார்கள். காது வலிக்கிறதாம்" என்றார். நாள்தோறும் நான் அனுப்பியதை மகள் பெற்றுக்கொண்டு, "கிடைத்தது ஐயா, நன்றி" என்று பதில் அனுப்பிவந்தார். அந்த நன்றியை நான் டீச்சரம்மாவின் நன்றி என்று எண்ணியிருந்தேன். இருபத்தொரு சங்கீதங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன.

அன்று மாலையே சென்று பார்த்தேன். "ஏன் டீச்சர் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நீங்க ராத்திரி உட்கார்ந்து வாசிக்கிறீங்க ஐயா. அதில் போய் நான் குறை சொல்வேனா?" என்றார். பிறகு ஆசிரியை விழித்துக்கொண்டார். "ஆனா ஒன்று கவனிச்சேன். எல்லா எழுத்துக்கும் இடிக்கல. பகரத்துக்குத்தான் இடிக்குது. பிதா, பரலோகம், பாவம், இதெல்லாம் இடி. அன்பு என்று சொன்னால் ஒன்றுமில்லை."

அவருடைய இயர்போனை வாங்கி என் காதில் வைத்துக்கொண்டு என் குரலை முதன்முறையாக அவர் கேட்டபடி கேட்டேன். பகரம் வரும் இடந்தோறும் யாரோ காதுக்குள் கதவைத் தட்டுவதுபோல் இருந்தது. பேரப்பிள்ளைகள் உறங்குவார்கள் என்பதற்காக அவர் இயர்போனில் கேட்டிருக்கிறார். நானோ கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் சோதித்திருக்கிறேன். அந்தச் சிறு ஒலிபெருக்கியால் மிகத் தாழ்ந்த ஓசைகளை எழுப்ப முடியாது. இந்த வெடிப்போ பெரும்பாலும் தாழ்ந்த ஓசையே. என் தவறு என் காதுக்கு எட்டாமல் போனதன் இரகசியம் இவ்வளவுதான். ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதற்காரியம் இது: உங்கள் பதிவை, அதைக் கேட்கப்போகிறவர் எதில் கேட்பாரோ அதில் கேட்டுப்பாருங்கள்.

வெடிப்பு ஏன் பகரத்தில் வருகிறது என்பதை டீச்சரம்மாவே விளக்கினார். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றொரு பகுதி இருக்கிறது. எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று கூறுவது. பகரமும் மகரமும் இரண்டு உதடுகளும் பொருந்தினால்தான் பிறக்கும். ஆயினும் மகரத்தில் மூச்சு மூக்கின் வழியே போய்விடுகிறது. பகரத்திலோ மூச்சு உதடுகளின் பின்னே அடைபட்டு நின்று, உதடு திறந்தவுடன் ஒரு சிறு காற்றுக் கற்றையாய் நேரே முன்னே பாய்கிறது. "உள்ளங்கையை வாய்க்கு முன்னே வைத்து ப என்று சொல்லுங்க, அப்புறம் ம என்று சொல்லுங்க" என்றார். சொல்லிப் பார்த்தேன். நீங்களும் இப்போதே சொல்லிப்பாருங்கள். முதலாவதில் கை காற்றை உணரும், இரண்டாவதில் உணராது.

அப்படியானால் "அன்பு" ஏன் இடிக்கவில்லை? அதிலும் பகரம் உண்டே. மெல்லினத்தை அடுத்து வரும்போது நம் தமிழில் வல்லினம் மென்மையாகிறது. தம்பி, நண்பன், நம்பிக்கை, அன்பு ஆகிய சொற்களில் உள்ள பகரம் அவ்வளவு வன்மையாய் வெடிப்பதில்லை. சொல்லின் முதலில் வரும் பகரமும் இரட்டித்து வரும் பகரமும் வன்மையாய் நிற்கின்றன. ஆங்கிலத்திலோ சொல்லின் முதலில் வரும் பகரத்தோடு இன்னும் அதிக மூச்சு சேர்ந்து வருகிறது. ஆகையால் இரு மொழியிலும் வாசிக்கிறவர்கள் ஆங்கிலத்தில் கூடுதலாய்க் கவனமாயிருக்கவேண்டும்.

ஒலிவாங்கியின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. நம் குரல் அலையாய் வந்து அதை அசைக்கும்போது அது பேச்சாகப் பதிவாகிறது. காற்றுக் கற்றை வந்து அதைத் தள்ளும்போதும் அது அசையத்தான் செய்கிறது. பேச்சு எது, காற்று எது என்று பகுத்தறிய அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே எழுதி வைக்கிறது. எதிரே நிற்கிற மனிதர் நம் பகரத்தின் காற்றை உணர்வதில்லை, ஏனெனில் அவர் தூரத்தில் நிற்கிறார். ஒலிவாங்கியோ நம் உதட்டுக்கு நான்கு விரற்கடைத் தொலைவில் நிற்கிறது.

வீட்டிற்குத் திரும்பியதும் நான் செய்தவை முதலில் தவறானவையே, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒலியின் அளவைக் குறைத்தேன். குரலும் குறைந்தது, இடியும் குறைந்தது; இரண்டுக்கும் இடையே இருந்த விகிதம் மாறவில்லை. பிறகு கடையிலிருந்து ஒலிவாங்கிக்கு மாட்டும் பஞ்சு உறை ஒன்றை வாங்கிவந்தேன். சற்றே பலன் தந்தது. ஆனால் அவ்வளவு நெருக்கத்தில் பாயும் காற்றை அது முழுதும் தடுக்கவில்லை. செலவு செய்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது நம் எல்லோருக்கும் உள்ள பலவீனம்.

சரியான பரிகாரங்கள் மூன்று. மூன்றுக்கும் சேர்த்துச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

முதலாவது, தூரம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே ஒரு சாண் இருக்கட்டும். காற்றுக் கற்றை அந்தத் தூரத்திற்குள் பெருமளவு சிதறிப்போகும், குரல் சிதறுவதில்லை. ஒரு பக்கமிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கும் ஒலிவாங்கிகளுக்கு இன்னொரு குணமும் உண்டு: மிக நெருங்கிப் பேசினால் அவை தாழ்ந்த ஓசைகளைப் பெருக்கிக் காட்டும். குரல் கம்பீரமாய்க் கேட்கிறதே என்று நான் நெருங்கி அமர்ந்ததற்கு அதுவே காரணம். அந்தக் கம்பீரத்தோடு இடியும் பெருகிற்று.

இரண்டாவது, கோணம். காற்று நேரே பாய்கிறது. குரலோ நாற்புறமும் பரவுகிறது. ஆகவே ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல், உதட்டோரத்திற்கு நேராகச் சற்று ஒதுக்கி, அதன் முகத்தை மட்டும் வாயை நோக்கித் திருப்பி வைத்தேன். என் மூச்சு அதன் பக்கவாட்டில் கடந்துபோயிற்று. மூன்று பரிகாரங்களிலும் அதிகப் பலன் தந்தது இதுவே.

மூன்றாவது, திரை. என் மனைவியின் பூவேலை வளையம் ஒன்றில் பழைய நைலான் காலுறையை இரண்டு மடிப்பாக இழுத்துப் பொருத்தி, ஒலிவாங்கிக்கு நான்கு விரற்கடை முன்னே நிறுத்தினேன். கடைகளில் பாப் ஃபில்டர் என்று விற்பது ஏறத்தாழ இதுதான். துணியின் நுண்ணிய கண்கள் காற்றை உடைத்துச் சிதறவிடுகின்றன. ஒலி அலையைப் பெரும்பாலும் தடையின்றி விடுகின்றன. துணி ஒலிவாங்கியை ஒட்டி இருந்தால் பயன் குறையும், இடைவெளி அவசியம்.

சோதனைக்கு டீச்சரம்மா ஒரு வாக்கியம் கொடுத்தார்: "பழைய பள்ளியில் பத்துப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள்." அடுத்து இதை வாசிக்கச் சொன்னார்: "என் தம்பியும் நண்பனும் அன்போடு வந்தார்கள்." முதல் வாக்கியத்தில் இடித்து, இரண்டாவதில் இடிக்காவிட்டால், குற்றவாளி உங்கள் மூச்சுதான். இரண்டிலும் ஓசை வந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இத்தனையும் செய்தபின் என் பதிவில் பெரும்பாலான இடிகள் ஓய்ந்தன. மீந்திருந்த சிலவற்றை ஆராய்ந்தபோதுதான் என்னைப் பற்றிய ஓர் உண்மை புலப்பட்டது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிரசங்கபீடத்தில் நின்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கவேண்டுமென்று பேசிப் பழகியவன் நான். ஒவ்வொரு பகரத்தையும் அறைந்துதான் சொல்வேன். இரவு பத்து மணிக்குத் தனி அறையில் அமர்ந்தபோதும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. விடியற்காலையில் இருளில் அமர்ந்து கேட்கும் ஒரு வயதான தாயாரின் காதுக்குள், முந்நூறு பேருக்குப் பிரசங்கிக்கும் குரலில் வாசித்திருக்கிறேன். ஒலிவாங்கி என்பது காது. கேட்பவரின் அருகே நாற்காலி போட்டு அமர்ந்து வாசிப்பதுபோல் வாசித்தபோது மீதி இடிகளும் அடங்கின.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பகரமே இல்லாத இடங்களிலும் "டிக், டிக்" என்று கூர்மையான ஒரு சொடுக்கு நிமிடத்திற்கு இரண்டு மூன்று முறை கேட்டது. இடி ஓய்ந்தபின்தான் இது காதுக்குத் தெரிந்தது. இது என் வாயிலிருந்து வருகிறதா, கருவியிலிருந்து வருகிறதா என்று அறிய ஒரு வழி செய்தேன். இரண்டு நிமிடம் வாயை மூடி "ம்" என்று முனகிப் பதிவு செய்தேன். உதடு திறக்காதபோது வாய் சொடுக்க வழியில்லை. ஆயினும் சொடுக்கு வந்தது. எனவே கருவியே காரணம்.

கணினி ஒலியை எண்களாக எழுதுகிறது; என் பதிவில் நொடிக்கு 48,000 எண்கள். அவற்றை ஒவ்வொன்றாக அன்றி, சிறு சிறு கட்டுகளாகச் சேர்த்து வாங்குகிறது. கட்டு மிகச் சிறிதாயிருந்து, அந்த நேரத்தில் கணினி வேறொரு வேலையில் மூழ்கியிருந்தால், ஒரு கட்டு தவறிப்போகும். அங்கே ஒலி அலை திடீரென அறுந்து வேறிடத்தில் தொடரும். அந்த அறுந்த முனைதான் சொடுக்கு. திரையில் அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் வேறுபாடு தெளிவாய்த் தெரியும்: பகரத்தின் இடி ஒரு பெரிய மேடுபோல் எழுந்து தாழும், கணினியின் சொடுக்கு செங்குத்தான பிளவாக நிற்கும்.

நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள். அதில் இந்தக் கட்டின் அளவு வழக்கமாக 100 மில்லிநொடி. பேசும்போதே என் குரலைத் தாமதமின்றிக் கேட்கவேண்டும் என்று விரும்பி, அதை நான்தான் 20 ஆகக் குறைத்து வைத்திருந்தேன். மறுபடி 100 ஆக்கினேன். பதிவு நேரத்தில் மற்ற எல்லா நிரல்களையும் மூடினேன். நீட்டிப்புப் பெட்டியின் வழியே செருகியிருந்த ஒலிவாங்கியைக் கணினியிலேயே நேராகச் செருகினேன். கணினியின் அமைப்பிலும் மென்பொருளிலும் 48,000 என்ற ஒரே எண் இருக்கிறதா என்று சரிபார்த்தேன். சொடுக்கு நின்றுபோயிற்று.

இன்னும் சில சிறு காரணங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குரல் உயரும் இடங்களில் மட்டும் கரகரப்பு வந்தால், அளவு எல்லை மீறுகிறது. உச்சம் பூச்சியத்தைத் தொடாமல் கழித்தல் 12 முதல் கழித்தல் 6 டெசிபலுக்குள் நிற்கும்படி வையுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களில் மட்டும் சொடுக்கினால், அலை பூச்சியக் கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டுங்கள். ஆடாசிட்டியில் வெட்டவேண்டிய பகுதியைத் தெரிந்துகொண்டு இசட் விசையை அழுத்தினால் அதுவே அந்தப் புள்ளிகளுக்கு நகர்ந்துகொள்ளும். சொற்களுக்கு நடுவே ஈரமான சிறு சொடுக்குகள் வந்தால் வாய் உலர்ந்திருக்கிறது. வாசிக்குமுன் தேநீரை விட்டுச் சாதாரணத் தண்ணீர் குடியுங்கள்.

பதிவு செய்து முடித்தவற்றைத் திருத்த முடியாதா என்று கேட்பீர்கள். ஓரளவு முடியும். தாழ்ந்த ஓசைகளை நீக்கும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் இடியின் கனம் குறையும். குரல் அதிகம் கெடாது. இடி முழுவதும் போகவேண்டுமென்று 150க்கு மேல் உயர்த்தினால் ஆண் குரலின் அடித்தளமே போய்விடும். தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். ஆகவே உயர்த்தவேண்டுமானால் இடி உள்ள அந்தச் சிறு துண்டை மட்டும் தெரிந்துகொண்டு உயர்த்துங்கள்.

நான் ஓர் இரவு முழுதும் இருபதாவது சங்கீதத்தில் அவ்விதம் ஒட்டுப்போட்டுப் பார்த்தேன். நள்ளிரவைக் கடந்தபின் ஒரு கேள்வி எழுந்தது: இதைத் திருத்த ஆகும் நேரத்தில் மூன்று முறை புதிதாய் வாசித்துவிடலாமே! பின்னே ஏன் ஒட்டுப்போடுகிறேன்? முன்பு செய்ததை வீண் என்று ஒப்புக்கொள்ள மனமில்லை, அவ்வளவே. அழித்துவிட்டேன். இருபது முதல் நாற்பதுவரை இருபத்தொன்றையும் புதிதாக வாசித்து அனுப்பினேன்.

டீச்சரம்மா இப்போது ஒவ்வொரு விடியலிலும் கேட்கிறார். நூற்றிருபதைத் தாண்டிவிட்டோம். 176 வசனங்கள் உள்ள நூற்றுப்பத்தொன்பதை மூன்று நாட்களாகப் பிரித்து வாசித்தேன். அது முடிந்த மறுநாள் அவரே தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, இடி ஒன்றுகூட இல்லை. ஆனா வசனத்தின் முடிவில் உங்க குரல் தேய்ஞ்சு போகுது. கடைசி மகரம் எனக்குக் கேட்கிறதே இல்லை. தாளைத் திருப்பும்போது முகத்தையும் திருப்பிடுறீங்களா?" என்றார். உண்மைதான், அப்படியே செய்திருந்தேன். முதற்குறையை மூன்று வாரம் மறைத்தவர் இரண்டாம் குறையை ஒரே நாளில் சொல்லிவிட்டார். அவருடைய நன்றியைவிட இது எனக்குப் பெரிதாயிருந்தது. இனி என்னிடம் குறை சொல்லலாம் என்ற நம்பிக்கை அவருக்கு வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பிரியமானவர்களே, நீங்கள் யாருக்காவது வாசித்து அனுப்புகிறவர்களானால், இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். "கிடைத்ததா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "கேட்க எப்படி இருந்தது?" என்றும் கேளுங்கள். முடிந்தால் நேரில் போய், அவர்களுடைய இயர்போனை வாங்கி நீங்களே கேளுங்கள். பரிகாரம் தெரியாதவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் என் வீட்டிற்கு வாருங்கள். உங்கள் ஒலிவாங்கியையும் கொண்டுவாருங்கள். பூவேலை வளையம் இன்னும் இரண்டு இருக்கிறது. பழைய காலுறை மட்டும் நீங்கள் கொண்டுவரவேண்டும்.

அன்புடன்,
உங்கள் போதகர்